ஏழாம் எண் வயிறு

மருத்துவர்கள் அறுவை சிகிச்சை பழகுவதற்காகக் கணினியில் ஒரு வயிறு செய்வதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. கனத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு கைப்பிடிகளைப் பிடித்தால் கண்முன்னே வயிற்றின் உட்புறம் விரியும். பித்தப்பையை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். தவறாக வெட்டினால் ரத்தம் வரும். இன்னும் தவறாக வெட்டினால் நோயாளி இறந்துவிடுவார், ‘மீண்டும் தொடங்கவா?’ என்று திரை கேட்கும்.

இதற்கு நிஜ மனிதர்களின் ஸ்கேன் வேண்டும். பதினான்கு மாதம் அலைந்ததில் ஆறு பேருடையது கிடைத்தது. ஆறும் நோய்கண்ட வயிறுகள். நல்ல வயிறு ஒன்றாவது இருக்கட்டும் என்றார் பேராசிரியர். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் காற்புள்ளி. எந்தக் கட்டுரையைக் கொடுத்தாலும் அதை மட்டும்தான் திருத்துவார்.

அவளுடைய அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு வருடம் முன்பு ஏணியிலிருந்து விழுந்தபோது வயிற்றில் ஸ்கேன் எடுத்திருந்தார்கள். பழுதொன்றும் இல்லை. ஒப்புதல் படிவத்தை அவனிடம் நீட்டினாள்.

“என்ன இது?”

“உன் வயித்த ஆராய்ச்சிக்கு எடுத்துக்கறேன்.”

“திருப்பித் தருவியா?” என்று கேட்டபடியே கையெழுத்துப் போட்டான். அவன் ஏழாம் நோயாளி ஆனான்.

சோதித்துப் பார்க்க வந்த அறுவை மருத்துவர் கைராசிக்காரர் என்று பெயரெடுத்தவர். ஆறு வயிறுகளைப் பிசிறில்லாமல் முடித்தார். ஏழாவதில் மூன்றாம் நிமிடமே ரத்தம் பீறிட்டது. மறுபடி செய்தார். மறுபடியும் பீறிட்டது. கண்ணாடியைக் கழற்றினார்.

“கல்லீரலுக்குப் போற ரத்தக்குழாய் பித்தப்பைய ஒட்டி வளைஞ்சு கெடக்கு. எப்பவாவது யாருக்காவது இருக்கும். அது சரியா உங்ககிட்டயா வந்து மாட்டும்? சாஃப்ட்வேர்ல தப்பு இருக்கும், பாருங்க.”

மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்ப ஒன்பது நாள்தான் இருந்தது. மூல ஸ்கேனை அடுக்கடுக்காகப் பார்க்க இரண்டு நாள் ஆகும் என்று கணக்குப் போட்டாள். ரத்தக்குழாயை நகர்த்த ஒரு மணி நேரம் போதும். பாடப்புத்தகத்தில் எங்கே இருக்கிறதோ அங்கே நகர்த்தினாள். அடுத்த வாரம் மருத்துவர் ஏழாம் நோயாளியைப் பதினெட்டு நிமிடத்தில் முடித்தார். “இப்பத்தான் மனுஷ வயிறு மாதிரி இருக்கு” என்றார். கட்டுரை ஏற்கப்பட்டது.

எட்டு மாதம் கழித்து ஒரு நாள் காலை, அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். பித்தப்பையில் கல். அவளுக்குத் தெரிந்த ஒரே அறுவை மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அவர் அல்ட்ராசவுண்ட் படத்தைப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை எடுத்துவிடலாம் என்றார்.

“வேற ஸ்கேன் எதுவும் வேண்டாமா டாக்டர்?”

“இதுக்கெல்லாம் எதுக்கு? கண்ணக் கட்டிக்கிட்டுச் செய்வேன்.”

அண்ணனை வீட்டில் விட்டாள். நேரே ஆய்வகத்துக்குப் போய் மூல ஸ்கேனைத் திறந்தாள். இரண்டு நாள் என்று நினைத்திருந்த வேலை நாற்பது நிமிடத்தில் முடிந்தது. மென்பொருளில் தப்பில்லை. அண்ணனே அப்படித்தான்.

மறுநாள் மருத்துவரின் அறையில் நின்றபோது, யோசித்து வைத்திருந்த முன்னுரை மறந்துபோனது.

“டாக்டர், ஏழாம் நோயாளி எங்கண்ணன். அந்த ரத்தக்குழாய நான்தான் நகர்த்தினேன்.”

அவர் பேனாவை மூடினார். “எதுக்கு?”

“நீங்க தப்புன்னு சொன்னீங்க.”

“பாருங்கன்னும் சொன்னேனே?”

“பாக்கல.”

“நானும் ஸ்கேனக் காட்டுங்கன்னு கேக்கல” என்றார் அவர். “பழைய வயிறு இருக்கா, அழிச்சிட்டீங்களா?”

இருந்தது.

அன்று பிற்பகல் ஆய்வகத்தில் அவர் பழைய வயிற்றைத் திறந்தார். ஆறு தடவை செய்து பார்த்தார்; ஆறிலும் ஏழாம் நோயாளி பிழைக்கவில்லை. பக்கத்து மருத்துவமனைக்கு ரத்தப் பரிசோதனைக்காக வந்திருந்த அண்ணன், தங்கையைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தான். திரை முழுக்கச் சிவப்பு.

“யாரு அது, பாவம்?”

“நீதான்.”

அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். முழுவதும் கேட்டான்.

“எங்க வேலைல, படத்துல ஒரு பக்கமும் உள்ள வேற பக்கமும் வயர் போனா, நாங்க படத்தத்தான் திருத்துவோம்” என்றான்.

அவள் அழுதாள். மருத்துவர் மரியாதை கருதிக் கண்ணாடியைக் கழற்றாமல் இருந்தார்.

ஏழாம் தடவை பிழைத்தான். எட்டிலும் பிழைத்தான். ஒன்பதில் இறந்தான். “விடாதீங்க டாக்டர்” என்றான் அண்ணன். அடுத்து வரிசையாக ஐந்து தடவை பிழைத்த பிறகுதான் எழுந்து வீட்டுக்குப் போனான்.

செவ்வாய்க்கிழமை, அந்தப் பதினெட்டு நிமிட வேலை ஒன்றே முக்கால் மணி நேரம் நடந்தது. மருத்துவர் வெளியே வந்து, “அங்கயேதான் இருந்துச்சு. தொடாம வந்துட்டேன்” என்றார். அவள் பக்கத்திலிருந்த சக்கர நாற்காலியில் உட்கார்ந்தாள். அது உருண்டு போய்ச் சுவரில் முட்டியது.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக, காரணத்தோடு அவளே மாநாட்டுக்குக் கடிதம் எழுதினாள். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. பேராசிரியர் நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், புதுக் கட்டுரை எப்போது வரும் என்று கேட்டார்.

மூன்று வாரம் கழித்து அண்ணன் வேலைக்குக் கிளம்பினான். கனம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால், முதல் நாள் கருவிப் பையை அவள் தூக்கிக்கொண்டு ஐந்து மாடி ஏறினாள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. அதற்காகத்தான் போயிருந்தார்கள்.