யசிந்தாவின் பதில் இல்லாத இசைத்தட்டு

1

ஓர் இசைத்தட்டின் கடைசிப் பாட்டுக்காகக் கலியாண வீடொன்றில் இரண்டு பேர் கைகலந்ததைப் பார்த்தேன். அன்றே இந்தக் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. முதலில் இப்படித் தொடங்கினேன்: 'குருநகர்க் கடலில் நிலவு...'

வேண்டாம். நிலவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

2

ஆண்டு 1974. குருநகரில், நாட்டுக்கூத்தில் ராசா வேஷம் கட்டும் சிமியோன், வானொலியில் கறுப்பு அமெரிக்கர்களின் 'சோல்' என்னும் உருக்கமான பாட்டுகளைக் கேட்டு மயங்கினான். கோயிலில் மன்றாடும் குரலிலேயே காதலியிடமும் மன்றாடுகிறார்கள்! அவனுக்கும் ஒருத்தியிடம் மன்றாட வேண்டியிருந்தது. மாதா கோயில் பாடகர் குழுவில் பாடும் யசிந்தா. (இவளைச் சாதுவாகத்தான் எழுதினேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.)

கூத்தில் பிற்பாட்டுப் பாடும் அடைக்கலநாதனும் அருட்பிரகாசமும் சேர, நால்வரும் தமிழில் ஒரு சோல் இசைத்தட்டுப் பதியக் கொழும்புக்குப் போனார்கள். கடைசிப் பாட்டில் சிமியோன், "என்னைக் கட்டுவியோ?" என்று கேட்பான். யசிந்தா பாடியே பதில் சொல்வாள். என்ன பதில் என்பதை ஒத்திகையில்கூட அவள் சொல்லவில்லை.

3

கூத்தில் ராசா பாடும் அடியைப் பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாட வேண்டும். பாடாவிட்டால் ராசாவுக்கு அவமானம். அடைக்கலநாதன் சிநேகிதனை அவமானப்படுத்துவானா? ஒவ்வோர் அடியும் இரண்டு தரம் ஒலித்தது. பாட்டெல்லாம் நீண்டது. சிமியோன் கேள்வியைக் கேட்டான், பிற்பாட்டு அதைத் திருப்பியது, ஒலிப்பதிவுக்காரர் கையைத் தூக்கினார். தட்டில் இனி இடமில்லை.

அதனால்தான் தட்டு விற்றது. பதிலைக் கேட்க ஊரூராக மேடைக்குக் கூப்பிட்டார்கள். யசிந்தா வாய் திறக்குமுன் அடைக்கலநாதன் மேளத்தை அடித்துப் பாட்டை முடித்துவிடுவான்.

"பதிலைச் சொல்லிப்போட்டால் பிறகு ஆர் எங்களைக் கூப்பிடப் போகினம்?"

சிமியோன் தனியாகக் கேட்டாலும் யசிந்தா மசியவில்லை. "பாட்டுக்குள்ளை கேட்டனீர், பாட்டுக்குள்ளைதான் பதில்."

சிமியோனுக்குப் பேர் வந்தது, பெண் வரவில்லை.

4

முடிவு ஒன்று: கோயில் வாசலில் இருவரும் மாலையோடு... (கலண்டர் படம். கிழித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: அவள் கன்னியர் மடத்துக்கு... (இவளா?)

முடிவு மூன்று: அரியாலை மேடையில் சிமியோன் பாட்டை நிறுத்திவிட்டான். "யசிந்தா, சனத்துக்கு வேண்டாம். எனக்கு மட்டும் சொல்லு."

பழக்கதோஷம். பின்னால் நின்ற இருவரும் ராகத்தோடு, "எனக்கு மட்டும் சொல்லு" என்று திருப்பினார்கள். சனமும் சேர்ந்து பாடியது. அந்தப் பாட்டுக்குள்ளேயே யசிந்தா மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அவன் காதில் சொன்னாள். அவன் அழுதான், சிரித்தான், அடுத்த பாட்டை மறந்தான். அவனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

எழுதுகிறவன் நான். எனக்காவது தெரிய வேண்டாமா? பேனையை வைத்துவிட்டு அவளிடமே கேட்டேன்.

"சிமியோன் கேட்டவர், அவருக்குச் சொன்னனான். உங்களுக்கேன் இந்த விடுப்பும் வம்பும்?"

கதவைச் சாத்திவிட்டாள். நீங்கள் தட்டிப் பாருங்கள். என்னைவிட உங்களிடம் அவளுக்கு மரியாதை இருக்கலாம்.