நான் எழுதிய பச்சை

1.
இந்தக் கதை என் வாய்க்கொழுப்பில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தங்கை வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்குச் சும்மா இருக்கமாட்டாமல் போனேன். ஒரு தொடக்கம் சிக்கிவிட்ட பூரிப்பில் வந்து எழுதினேன்:

‘விளக்கை அணைத்தாள். நகமளவு கண்ணாடித் துண்டு மரகதப் பச்சையாய் மூச்சுவிட்டது.’

அழகாக இருக்கிறதல்லவா? [அடித்துவிட்டேன். காரணம் கீழே.]

2.
துண்டின் மேல் வளர்ந்திருப்பவை துத்தநாக ஆக்சைடு நுண்கம்பிகள், தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லியவை. ஒழுங்காக வளர்ந்தால், புற ஊதா விளக்கை அடிக்கும்போது அவை திருப்பித் தருவதும் புற ஊதா ஒளிதான், கண்ணுக்குத் தெரியாது. ஆக்சிஜன் அணுக்கள் அங்கங்கே விட்டுப்போனால், அந்த ஓட்டைகளில் ஆற்றல் விழுந்து பச்சையாக வெளியே வரும். நான் உருகி எழுதியது பழுதைப் பார்த்து. அதை ஒழிக்கத்தான் தங்கை மூன்று வருடமாக மாரடிக்கிறாள்.

(‘குறையில்தான் ஒளி பிறக்கிற...’ வேண்டாம். தங்கை கொன்றுவிடுவாள்.)

3.
தப்பிருந்தால் சொல்லுங்கள் என்று அந்தத் தொடக்கத்தை அவளுடைய மேலதிகாரிக்கு அனுப்பியதும் நான்தான். அவர் அதை அப்படியே செயல்விளக்கத்துக்கான அழைப்பிதழில் போட்டுவிட்டார். திட்டத்தை நீட்டிப்பதா என்று முடிவெடுக்கும் குழு நேரில் வருகிறது. பிடிக்காவிட்டால் தங்கைக்கு இந்த மாதத்தோடு வேலை போய்விடும்.

போன வாரம்தான் துண்டுகளை ஆக்சிஜனில் சூடாக்கிப் பச்சையை அறவே போக்கியிருந்தாள். பழைய துண்டையே காட்டு என்றாராம் அவர். புற ஊதா ஒளியை அளந்து கருவி வரையும் கோட்டை யார் பார்ப்பார்கள், கண்ணுக்குத் தெரியவேண்டாமா என்று கேட்டாராம்.

“தோத்ததைக் காட்டி ஜெயிச்சேன்னு சொல்லச் சொல்றாருக்கா. எல்லாம் நீ எழுதினதால,” என்றாள் தங்கை.

4.
முடிவு அ: பழைய துண்டை வைக்கிறாள். பச்சை. கைதட்டல். வேலை நிலைக்கிறது. அதன்பிறகு என்னோடு அவள்... [எழுதக் கை வரவில்லை.]

முடிவு ஆ: கருவி காட்டும் கோட்டைப் பார்த்ததும் குழு நெகிழ்ந்துபோய்... (யாரை ஏமாற்றுகிறேன்?)

5.
நடந்ததை மட்டும் சொல்கிறேன். இருட்டறையில் குழுவினர் ஐந்து பேர், மேலதிகாரி, ஓரமாக நான். தங்கை புற ஊதா விளக்கைப் போட்டாள். குழுத் தலைவியின் கையிலிருந்த அழைப்பிதழ்த் தாள்தான் நீலவெள்ளையாய் மின்னியது. என் வாக்கியம் எழுத்தெழுத்தாகத் தெரிந்தது. தங்கை வைத்தது புதிய துண்டு. அது இருட்டாகவே கிடந்தது.

“பச்சை எங்கம்மா?” என்றார் தலைவி.

மேலதிகாரி இருமினார்.

“போயிடுச்சு மேடம். அதைப் போக்கத்தான் மூணு வருஷம் ஆச்சு.” தங்கைதான் சொன்னாள்.

“அப்போ இதை எழுதினது யாரு?”

வாயைத் திறந்தேன். இதற்குமேல் எழுதமாட்டேன், என் வாக்கியங்களின் லட்சணம் உங்களுக்கே தெரியும். அந்தப் பச்சையை முதல் பகுதியில் நீங்களும் ரசித்தீர்கள். அறை இன்னும் இருட்டாகத்தான் இருக்கிறது, தங்கை காத்திருக்கிறாள். தலைவியின் இடத்தில் நின்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்: துண்டு ஒளிர்கிறதா?