இருமலுக்கு ஊற்றிய பால்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. எங்கள் வீட்டுத் தரைக்கடியில் போய் மாட்டிக்கொண்டது, கரண்டியால் சுரண்டித்தான் எடுத்தோம். கொஞ்சம் புளித்த வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அவிநாசிக்கு மேற்கே, சோளக்காடுகள் மனைகளாகிக்கொண்டிருந்த ஒரு பகுதியில், இயற்கையோடு இயைந்த...’

என் மனைவி கீதா படித்துவிட்டு, “ஏனுங்க, சைட் விக்கற நோட்டீஸாட்டிருக்குதுங்க” என்றாள். அடித்துவிட்டேன்.

2

விஷயத்துக்கு வருகிறேன். கீதாவுக்கு வீசிங். ஏசி போட்டால் மூச்சு இழுக்கும். போடாவிட்டால் சித்திரை வெயில் இரண்டு பேரையும் வறுத்துவிடும். காந்திபுரத்தில் குடியிருந்த வரைக்கும் ஈரத்துண்டும் இன்ஹேலருமாகக் கோடையைக் கடத்தினோம். இங்கே வீடு கட்டலாம் என்று கிளம்பியபோது அக்ஷயா என்கிற ஆர்க்கிடெக்ட் பெண் கிடைத்தாள். பக்கத்துக் காட்டு வரப்பில் நின்ற கரையான் புற்றைக் காட்டி, “அங்கிள், இதுங்க ஏசி இல்லாமத்தானுங்க குளுகுளுன்னு இருக்குதுங்க. இதுங்ககிட்டயே கத்துக்கலாம்” என்றாள்.

அவள் கட்டியது இதுதான். வீட்டுக்குப் பின்னால், சந்துப் பக்கமாக, ஆளுயரத்துக்கு ஒரு மண் கூம்பு. அதன் அடியில் கை நுழையும் அளவுக்குத் துளைகள். துளை வழியே போகும் காற்று, தரைக்கடியில் புதைத்த குழாய்களில் குளிர்ந்து அறைக்குள் வரும். சூடான காற்று கூரை வழியே வெளியேறிவிடும். (இந்த இடத்தில் கரையான்களைப் பற்றி ஒன்றரைப் பக்கக் கட்டுரை இருந்தது. கீதா எடுத்துவிட்டாள். கரையான்களுக்கு நான் சொன்ன நன்றியை மட்டும் விட்டுவைத்தாள்.)

முதல் கோடையில் இன்ஹேலரை எங்கே வைத்தோம் என்றே கீதா மறந்துபோனாள். அவள் அதைத் தேடாமலே இருந்ததை நினைத்து நான் சமையலறையில் நின்று அழுதேன். “இதையெல்லாம் எழுதிப்போடாதீங்க” என்றாள். எழுதிவிட்டேன்.

3

ஆடியில் இருமல் திரும்பி வந்தது. விடிகாலையில் பிடித்தால் வெயில் ஏறும்வரை விடாது. வீடெல்லாம் புளித்த நாற்றம், எறும்புச் சாரை. பூஞ்சையாக இருக்கும், வீட்டைப் பாருங்கள் என்றார் டாக்டர். துளைகளை அடைத்துவிட்டு ஏசி மாட்டிவிடலாம் என்று நானே சொல்லிவிட்டேன். ஏசி என்றால் மறுபடியும் இன்ஹேலர்.

அக்ஷயா வந்து குழாய் மூடியைத் திறந்தாள். உள்ளே பால் உறைந்து, அதன்மேல் பச்சையாகப் பூஞ்சை. நடுவில் முட்டை ஓடு. சந்துப் பக்கம் போய்ப் பார்த்தால் கூம்பெல்லாம் மஞ்சளும் குங்குமமும். நாங்கள் முன்வாசலில் போய் வருகிறவர்கள், பின்சந்தை எட்டிப் பார்த்ததே இல்லை.

“கரையானாட்டக் காத்து வரோணும்னு யோசிச்சேனுங்க அங்கிள். புத்தாட்டம் ஒண்ணக் கட்டி வெச்சா நம்மூர்ல என்ன பண்ணுவாங்கன்னு யோசிக்காம உட்டுப்போட்டேன்” என்றாள் அக்ஷயா.

ஆடி வெள்ளியில் புற்றைப் பார்த்துவிட்டுப் பால் ஊற்றாமல் போகிற கை இந்தப் பக்கம் குறைவு. (அடிக்குறிப்பு: என் அம்மா இருந்திருந்தால் முதல் சொம்பு அவளுடையதாக இருந்திருக்கும்.)

4

அடுத்த வெள்ளி காலையில் நானும் கீதாவும் பின்சந்தில் காத்திருந்தோம். சொம்போடு வந்தவர் பக்கத்துத் தெரு பங்காரம்மா. அறுபது வயதிருக்கும்.

“ஏனுங்க, இது புத்து இல்லீங்க. ஆள் வெச்சுக் கட்டுனதுங்க” என்றேன்.

“தெரியுமுங்க. கட்டறப்பவே பார்த்தனுங்களே. கோயலையும் ஆள் வெச்சுத்தானுங்க கட்டறாங்க.”

[இதற்கு நான் ஒரு நல்ல பதில் சொன்னதாக ஒரு வரைவில் எழுதினேன். நான் சொல்லவில்லை.]

“அப்புறம் என்ன வேண்டுதலுங்க?”

“மொத வெள்ளி சும்மாத்தானுங்க ஊத்துனேன். அடுத்த வாரம் வந்து குனிஞ்சா, உள்ளாற யாரோ அம்மணி இருமறது கேக்குது. மூச்சு வாங்குதுங்க, பாவம். அவங்களுக்காவத்தான் ஊத்தறேன். கொறையறாப்பல காணோம். அதுதான் இன்னைக்கு ஒரு சொம்பு சேத்திக் கொண்டாந்தேன்.”

பால் உள்ளே போனதால் இருமல் வந்தது, இருமல் கேட்டதால் பால் கூடியது. நான் கீதாவைப் பார்த்தேன். அவள் அந்த நேரம் பார்த்து இருமினாள்.

பங்காரம்மா சொம்பைக் கீழே வைத்தார். “நீங்கதானுங்களா அம்மணி” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

5

முடிவு அ: நான் உண்மையைச் சொல்கிறேன். பங்காரம்மாவின் முகம்... (எழுத வரவில்லை.)

முடிவு ஆ: ஒன்றும் சொல்லாமல் சந்துக்குக் குறுக்கே ஒரு கேட் போட்டுப் பூட்டுகிறோம். (“அந்தம்மா மூஞ்சில அடிச்சாப்பல இருக்குமுங்க.” — கீதா.)

நடந்தது: கீதாதான் பேசினாள். “அக்கா, இனி உள்ள ஊத்த வேண்டாமுங்க. கீழ ஒரு தொட்டி வெக்கச் சொல்றேன், அதுல ஊத்துங்க.” பங்காரம்மா ஏன் என்று கேட்கவில்லை. “செரி கண்ணு” என்றார். அக்ஷயா குழாய்களைக் கழுவிக் காயவைத்து, கூம்பின் காலடியில் ஒரு சின்னக் கல்தொட்டி வைத்தாள். ஐப்பசிக்குள் இருமல் நின்றுவிட்டது.

பங்காரம்மா தூக்குப்போசி நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு வந்தார். வேண்டுதல் பலித்துவிட்டதாம்.

“நீங்க வேண்டுனதுக்கு நான் என்னங்க்கா செய்யறது” என்று கீதா கண் கலங்கினாள். அது பொய்யில்லை. காந்திபுரத்தில் அவள் வருஷக்கணக்காக இருமியிருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் டிவி சத்தத்தைத்தான் கூட்டினார்கள். இங்கே முகம் தெரியாத ஓர் இருமலுக்காக ஒரு மனுஷி வெள்ளிதோறும் பால் சுமந்து வந்திருக்கிறார். அவருக்கு நாங்கள் பட்டிருக்கும் நன்றிக்கடனுக்கு அளவில்லை. அந்தப் பாலால்தான் இருமல் வந்தது என்பதும் நிஜம். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்க முயன்று

(அந்த வாக்கியம் முடியவில்லை. அப்படியே விடுகிறேன்.)

6

இப்போது என் சிக்கல். பங்காரம்மாவின் மருமகள் ஹாரிகா, வாரப் பத்திரிகைக் கதைகளை மாமியாருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறவள். பெயர்களை மாற்றலாம். கூம்பை என்ன செய்வது, ஊரிலேயே அது ஒன்றுதான். அச்சுக்குக் கொடுக்கலாமா என்று கீதாவிடம் கேட்டேன். “குடுங்க, ஆனா...” என்று நிறுத்தினாள். அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் என்ன என்று இன்றுவரை சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அதனால் முடிவை உங்களிடம் தருகிறேன். ஹாரிகா இந்த இதழைத் தவறவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் பின்சந்துக்கு வருகிறீர்கள். பங்காரம்மா தொட்டியில் பால் ஊற்றிவிட்டு நிமிர்ந்து, “ஏனுங்க, யாரோ சொன்னாங்க, அந்தக் கதையில என்னையப் பத்தி என்னமோ எழுதியிருக்குதாமே, என்னங்க அது?” என்று கேட்பார். எல்லாம் உங்களுக்குத் தெரியும். சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம், நான் குறுக்கே வரமாட்டேன்.

எதுவானாலும் கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள். துளைக்கு அந்தப் பக்கம் கீதா தூங்கிக்கொண்டிருப்பாள்.