மஞ்சள், சிரிப்பு, மழைவாசம்

காய்ச்சல் விட்ட காலையில் பஸ் டிரைவரின் நினைவுகள் தலையை விட்டு இறங்கி, வீட்டில் ஆளுக்கொரு மூலையாகக் குடியேறின. வண்டி ஓட்டும் பழக்கம் மட்டும் இறங்கவில்லை. கைகால்களின் நினைவுக்குத் தங்குமிடம் வேறு. ஆகவே அவர் வழக்கம்போல வேலைக்குப் போனார், அதே பஸ்ஸில் கண்டக்டராக இருந்த மனைவியின் விசிலுக்கு நின்றார், புறப்பட்டார். அவள் யார் என்பதுதான் தெரியவில்லை.

“ஏம்மா, தினமும் வேலை முடிஞ்சு என் வீட்டுக்கே வர்றீங்களே, உங்க வீட்ல தேட மாட்டாங்களா?”

“தேட வேண்டியவர் நீங்கதாங்க. தேடுங்க.”

அவர்கள் முதன்முதலாகப் பேசிய நாள் மூன்றாகப் பிரிந்திருந்தது. அவள் உடுத்தியிருந்த சேலையின் மஞ்சள் நிறம் அலமாரியில், அவள் சிரிப்பு சமையலறைக் குழாயில், மழைவாசம் ஜன்னலில். குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் சிரிப்பு வரும். அவர் ரசிப்பார், யாருடையது என்று கேட்பார். அவள் குழாயைக் கழற்றி, ஜன்னலைப் பெயர்த்து, அலமாரியை இழுத்து, எல்லாவற்றையும் ஒரே அறையில் வைத்துப் பார்த்தாள். மூன்றும் ஊமையாகிவிட்டன. பழைய இடத்தில் பொருத்திய பிறகே வாய் திறந்தன.

அடுத்தவர் மனைவியோடு ஒரே வீட்டில் இருப்பது முறையல்ல என்று அவர் பெட்டி கட்டினார். மறுநாள் சாயங்காலம் டெப்போ அறைக்குப் போவதாக ஏற்பாடு.

மறுநாள் பகலில் பஸ் வழியில் நின்றுவிட்டது. பயணிகள் ஆளுக்கொரு நேரம் தள்ளினார்கள், அசையவில்லை. அவள் விசில் ஊதினாள். எல்லோரும் ஒன்றாகத் தள்ள, எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவளோ ஏறாமல் சாலையிலேயே வாய் பிளந்து நின்றாள்.

சாயங்காலம் எதிர்வீட்டு மாமாவைக் குழாயடியிலும், அத்தையை அலமாரியருகிலும், தன் தங்கையை ஜன்னலிலும் நிறுத்தி விசில் ஊதினாள். மூன்றும் ஒரே நொடியில் திறந்தன. அவசரத்தில் மாமா இருமிவிட்டார். டிரைவர் பெட்டியைக் கீழே போட்டார்.

“அடிப்பாவி! மழையில என் குடையப் பிடுங்கிட்டு ஓடினவ நீதானே?”

“இத்தனை நாள் கழிச்சு அதுவா ஞாபகம் வருது?” என்று அவள் அழுதுகொண்டே அதட்டினாள். தெருவே கைதட்டியது.

ஒன்றாகத் திறந்தவை தமக்குள் பாதை போட்டுக்கொண்டன. நடக்க நடக்கப் பாதை அகலமானது. சில வாரங்களில் குழாயை மட்டும் திறந்தாலே அலமாரியும் ஜன்னலும் தாமாகத் திறந்தன. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் நினைவு புதிதாக வார்க்கப்படுவதால், அந்த மழைநாளில் மாமாவின் இருமலும் சேர்ந்துவிட்டது, யாரும் ஆட்சேபிக்கவில்லை. மற்ற நாட்களையும் அதே முறையில் மீட்டார்கள்: ஆளுக்கொரு மூலையில் நிற்பது, விசில் கேட்டதும் சேர்ந்து திறப்பது.