பிரெனா மாட்டேன் என்கிறாள்

ஆகஸ்ட் வெயில் காலை ஒன்பது மணிக்கே டோக்கியோ வளைகுடாவைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. கரையோரக் கண்காட்சி மண்டபத்துக்குள் நிலைமை அதைவிட மோசம். ஆயிரக்கணக்கான மடக்கு மேசைகள், மேசைக்கு இரண்டு நாற்காலி, நாற்காலிக்கு ஒரு பைத்தியம். தாங்களே எழுதி, தாங்களே வரைந்த கணினி விளையாட்டுகளை விற்க வருஷத்துக்கு இரண்டு தரம் கூடுகிற கூட்டம் அது. கதவு திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

பதினேழாம் மேசையில் ஹொசுமி சனாயே குறுந்தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வயது நாற்பத்தொன்று. கதையும் விளையாட்டின் விதிகளும் அவள் பொறுப்பு. பக்கத்தில் விளம்பரத் தட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்த தொகுனாகா அவளைவிட ஏழு வயது இளையவன். படம் அத்தனையும் அவன் கை. விளையாட்டின் பெயர் 'சாம்பல்மலைச் சாலை'. வாள், மந்திரம், டிராகன், வழித்துணையாக வருகிறவர்களோடு காதல், காதல் முற்றினால் படுக்கையறை. அட்டையில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்ற சிவப்பு முத்திரையும் உண்டு.

விழாவின் பரிசோதகர் வந்து நின்றார். மூக்குக்கண்ணாடி போட்ட, பூனைபோல நடக்கிற பெண். கையில் மடிக்கணினி, அதற்குள் இவர்கள் காலையில் ஒப்படைத்த மாதிரித் தட்டு.

"மாதிரி பார்த்தேங்க. ரொம்ப அருமையா வந்திருக்கு" என்றார் அவர், குனிந்து வணங்கி.

"நன்றிங்க."

"ஒரே ஒரு சின்ன விஷயம். இந்தக் குளியல் மண்டபக் காட்சி."

சனாயே எட்டிப் பார்த்தாள். மலையடிவாரத்து வெந்நீர்ச் சுனை. சுனைக்குள் எட்டுக் குள்ளர்கள், தாடியோடு, துணியில்லாமல், பரம சுகமாக நின்றுகொண்டிருந்தார்கள். பின்னணிப் படம்தான். கதாநாயகன் அந்தப் பக்கமாக நடந்து போவான், அவ்வளவே.

"நீராவி மறைச்சிருக்கே" என்றான் தொகுனாகா.

"ஆமாங்க. ஒரு ஏழு வினாடி பொறுங்க."

மூவரும் தலையைச் சேர்த்துவைத்துப் பார்த்தார்கள். நீராவி அழகாக அசைந்தது. இடப்பக்கம் ஒதுங்கியது. விலகியது.

"இப்போ" என்றார் பரிசோதகர், மிகுந்த மரியாதையோடு. "மூணாவது ஆளும், ஆறாவது ஆளும்."

அடக் கடவுளே! மறைக்க வேண்டியதை மங்கலான கட்டங்கள் போட்டு மறைக்க வேண்டும் என்பது நாட்டின் சட்டம். அதில் முடி அளவு பிசகினாலும் விழாவில் விற்க விடமாட்டார்கள். சனாயே கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு நான்கு நாள் சரிபார்த்தவள்தான். ஆனால் அவள் பட்டியல் போட்டது எப்படி? விளையாட்டில் வரும் பெண்களின் பெயர் வாரியாக. ஒவ்வொரு பெண்ணுக்கும் எத்தனை காட்சி, எத்தனை கட்டம், எல்லாம் கச்சிதம். தாடி வைத்த கிழவர்களை யார் பட்டியலில் சேர்ப்பார்கள்? தொகுனாகாவின் லட்சணம் வேறு. முதலில் படத்தில் நீராவி அசையாமல்தான் இருந்தது. கடைசி வாரத்தில் 'உயிரோட்டம்' வேண்டும் என்று அதை ஆட்டிவிட்ட புண்ணியவான் அவன்.

"இந்த நூறு தட்டையும் இன்னைக்கு விக்க முடியாது. மன்னிக்கணும்" என்றார் பரிசோதகர். தட்டுகள் அச்சகத்தில் பதிந்து வந்தவை. உட்கார்ந்து திருத்துகிற சமாச்சாரம் இல்லை. "முதல் அத்தியாயத்துல சுனை வரலைல்ல? அதை மட்டும் மேசைல வச்சு விளையாடக் காட்டலாம்." இன்னொரு தரம் வணங்கிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

சனாயேவுக்குக் கவலை பிடித்தது. நூறு தட்டு போனதற்காக இல்லை. தொகுனாகாவுக்காக.

சொந்த ஊரான நியீகாதாவில் அவனுடைய அண்ணன் அரிசி அப்பளத் தொழிற்சாலை வைத்திருந்தார். பொட்டலத்துக்குப் படம் போட ஆள் வேண்டும், வா வா என்று இரண்டு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இவர்களுடைய முந்தைய இரண்டு விளையாட்டுகளையும் நாய்கூட முகர்ந்து பார்க்கவில்லை. 'இது கடைசி, ஹொசுமி-சான். இந்த நூறும் ஒரே நாள்ல போகலைன்னா நான் செப்டம்பர்ல ஊருக்குக் கிளம்பிடறேன்' என்று வசந்த காலத்திலேயே சொல்லிவிட்டான். அவன் போனால் அவளுக்கு விளையாட்டே இல்லை. பிரெனாவின் முகம் வேறு யார் கைக்கும் வராது.

பிரெனா விளையாட்டில் வரும், இரும்படிக்கும் கொல்லச்சி. முப்பத்தெட்டு வயது, தடித்த தோள், புருவத்தில் தீக்காயம். அவளால்தான் இருவருக்கும் ஒரு வருஷமாகச் சண்டை. சனாயே ஒரு பெரிய நிறுவனத்தில் ஒன்பது வருஷம் இதே மாதிரி விளையாட்டுகளுக்குக் கதை எழுதியவள். அங்கே எழுதிய நாற்பத்துமூன்று பெண்களும் ஒரே அச்சு. பூ கொடுத்தால் ஐந்து மதிப்பெண், நகை கொடுத்தால் பத்து, நூறு சேர்ந்தால் கட்டில். ஒருத்தியாவது 'போடா' என்று சொன்னதில்லை. நாற்பத்துமூன்றாவது பெண்ணை எழுதி முடித்த அன்று சனாயேவுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. வேலையை விட்டாள்.

பிரெனாவுக்கு மதிப்பெண் கிடையாது. அவளுக்கு வேலை இருக்கும், அலுப்பு இருக்கும், பிடிக்காத நாள் இருக்கும். பரிசைக் கொண்டுபோய்த் திணித்தால் எரிச்சல்படுவாள். சும்மா பக்கத்தில் இருந்தால் மெல்லப் பேசுவாள். படுக்கையறைக் கதவை அவளாகத் திறந்தால்தான் உண்டு.

"விளையாடறவனுக்கு ஏதாவது தெரியணும்ல? ஒரு இதயம் படமாவது போடுங்க. நிரம்புறது கண்ணுக்குத் தெரியட்டும்" என்று தொகுனாகா ஒரு வருஷமாகத் தலையால் அடித்துக்கொண்டான்.

"உன்னை ஒருத்திக்குப் பிடிச்சிருக்கா இல்லையான்னு அவ நெத்தியில எழுதி ஒட்டியிருக்குமா?"

"அதனாலதான் எனக்குக் கல்யாணமே ஆகலை. விளையாட்டுலயாவது நிம்மதியா இருக்க விடுங்களேன்!"

சனாயே மசியவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் அவள்.

பத்து மணிக்குக் கதவு திறந்தது. கூட்டம் மடை திறந்தாற்போல் உள்ளே வந்தது. தொகுனாகா ஒரு காகிதத்தில் 'இன்று விற்பனை இல்லை. முதல் அத்தியாயம் விளையாடிப் பார்க்கலாம்' என்று எழுதி ஒட்டினான். எழுதின கையோடு நாற்காலியில் சரிந்தான்.

"என் தப்பு. பட்டியல்ல அவங்களைச் சேர்க்கலை" என்றாள் சனாயே.

"நீராவியை ஆட்டினது நான்தானே" என்றான். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "விடுங்க. இப்படித்தான் முடியணும்னு இருக்கு. அண்ணனுக்கு இன்னைக்கே போன் பண்ணிடறேன்."

"கொஞ்சம் பொறேன்டா."

"எதுக்குப் பொறுக்கணும்? விக்கிறதுக்கே ஒண்ணும் இல்லை."

சனாயே தட்டுகளைப் பெட்டிக்குள் திருப்பி அடுக்க ஆரம்பித்தாள்.

பதினொன்று வரை வந்தவர்கள் காகிதத்தைப் படித்துவிட்டு நகர்ந்தார்கள். அப்புறம் ஒருவர் நின்றார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். கழுத்தில் ஈரத் துண்டு, முதுகில் பை, கையில் பார்லித் தேநீர் புட்டி. கால் வலித்திருக்க வேண்டும். நாற்காலியைத்தான் முதலில் பார்த்தார்.

"உக்காரலாமா?"

"தாராளமா!" இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

இந்தத் தொழிலில் ஒரு எழுதாத சட்டம் உண்டு. விளையாடுகிறவனுக்குப் பின்னால் நின்று வாயைத் திறக்கக் கூடாது. வழி சொல்லக் கூடாது, இருமக்கூடக் கூடாது. சொல்லிக்கொடுத்தால்தான் புரியும் என்றால் அந்த விளையாட்டு தோற்றது என்று அர்த்தம். சனாயே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் பழுத்த ஆட்டக்காரர். ஓநாய்களைச் சட்டுச் சட்டென்று வெட்டி முடித்தார், சந்தைக்குள் நுழைந்தார், பிரெனாவின் பட்டறையைக் கண்டுபிடித்தார். நேராகப் போய்ப் பூங்கொத்தை நீட்டினார். அனுபவம்!

பிரெனா பூவை வாங்கிப் பார்த்தாள். "கை வேலையா இருக்கு. எங்கயாவது வச்சிட்டுப் போ."

அவர் வெளியே போய்ப் பெரிய கொத்தாக வாங்கி வந்தார். "மறுபடியுமா? இங்க தீ எரியுது, பூ கருகிப்போகும்" என்றாள் பிரெனா. அவர் மோதிரம் கொடுத்தார். "இதைப் போட்டுக்கிட்டு நான் எப்படி சுத்தி பிடிக்கிறது? எடுத்துட்டுப் போ" என்று திருப்பிக் கையில் வைத்தாள்.

"என்னங்க இது, இவ மாட்டேங்குறா?" என்று அவர் திரும்பிக் கேட்டார்.

பதில் சனாயேவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சும்மா நில்லுங்கய்யா, அவளைக் கொஞ்சம் வேலை செய்ய விடுங்க! ஒரே ஒரு வார்த்தை போதும். தொகுனாகா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஆமாங்க. மாட்டேங்குறா" என்றாள்.

"ம்ஹும். கெட்டுப்போன விளையாட்டு" என்று முனகிக்கொண்டு அவர் ஆட்டத்தை இயக்கும் கைப்பிடியை மேசைமேல் வைத்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் சனாயே. ஒரு வருஷச் சண்டையும் ஒன்பது வருஷ அருவருப்பும் ஐந்து நிமிஷத்தில் கரைந்துவிட்டன. அவர் துண்டால் பிடரியைத் துடைத்தார். தேநீர் புட்டியைத் திறந்து, அண்ணாந்து, மடக் மடக்கென்று குடித்தார். எழுந்திருக்க மனமில்லாமல் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

திரையில் கதாநாயகன் பட்டறை வாசலில் சும்மா நின்றான். பிரெனா இரும்பை அடித்தாள். தண்ணீரில் தோய்த்தாள். மறுபடி அடித்தாள். பிறகு திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் போகலையா நீ? சரி, சும்மாதானே நிக்கிற. அந்தத் துருத்தியைப் பிடி."

அவர் புட்டியைக் கீழே வைத்தார். திரையைப் பார்த்தார், கைப்பிடியைப் பார்த்தார். மெல்ல எடுத்தார். துருத்தியை அழுத்தினார். தீ எழும்பியது. அவசரப்பட்டு வேகமாக அழுத்தினார். "ஏய், ஏய், நிதானம்! இரும்பு என்ன ஓடியா போகப் போகுது?" என்று பிரெனா அதட்டினாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிதானமாக அழுத்தினார். அவள் மூச்சோடு மூச்சாக அழுத்தக் கற்றுக்கொண்டார். பிரெனா பேச ஆரம்பித்தாள். சந்தையில் கரி விலை, வாங்கிய வாளைத் திருப்பிக் கொண்டுவந்து நின்ற படைவீரன், தீக்காயம் பட்ட கதை. அவர் வாய் திறந்தபடி கேட்டார். பரிசுப் பையைத் திறக்கவே இல்லை. பின்னால் நான்கு பேர் வந்து நின்றதையும் கவனிக்கவில்லை.

வேலை முடிந்தது. கடைசியாக ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்தார்: ராத்திரி சாப்பிட வர்றியா?

பிரெனா நெற்றியைத் துடைத்தாள். "இன்னைக்கு வேண்டாம், உடம்பு அசந்துபோச்சு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நாளைக்கு வா. வெறுங்கையோட வா."

முதல் அத்தியாயம் அங்கே முடிந்தது.

"நாளைக்கு வரச் சொல்லிட்டா!" என்று அந்த மனிதர் துள்ளிக்கொண்டு திரும்பினார். முகமெல்லாம் பல். பின்னால் நின்ற பெண் ஒருத்தி கை தட்டினாள். "மூணு தரம் விரட்டினவ, கேட்டீங்களா, நாளைக்கு வரச் சொல்லிட்டா! முப்பது வருஷமா விளையாடறேன், ஒருத்தியும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை. எங்க, ஒரு தட்டு கொடுங்க."

"இன்னைக்கு விக்க முடியாதுங்க. ஒரு படத்துல கோளாறு" என்றாள் சனாயே.

"அப்போ எப்போ?"

என்ன சொல்ல? சுனைப் படத்தைத் திருத்த வேண்டும். மீதி அத்தியாயங்களிலும் பிரெனா முகத்தில் இதே உயிர் நிற்க வேண்டும். அதெல்லாம் சனாயே கையில் இல்லை. அவள் தொகுனாகா பக்கம் திரும்பக்கூடத் துணியவில்லை.

"குளிர்கால விழாவுக்கு வாங்க" என்றான் தொகுனாகா, நாற்காலியிலிருந்து எழுந்து. "நாங்க ரெண்டு பேரும் இங்க இருப்போம்."

"நிச்சயமா?"

"நிச்சயமா. நாளைக்கு வரச் சொன்னவளை விட்டுட்டுப் போக முடியுங்களா?"

அந்த மனிதர் நான்கு தரம் வணங்கிவிட்டுப் போனார். சனாயேவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மண்டபம் முழுக்க ஆள், மூக்கைச் சிந்தத் துண்டு இல்லை. விளம்பரத் தட்டிக்குப் பின்னால் போய்ச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள்.

"உங்க அண்ணன்?" என்றாள் திரும்பி வந்து.

"கத்துவார். கத்தட்டும்." அவன் விண்ணப்பப் படிவம் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தான். குளிர்கால விழாவில் மேசை கேட்பதற்கான படிவம், அன்று மாலைக்குள் அலுவலக முகப்பில் கொடுத்தாக வேண்டும். "ஆனா ஒண்ணு, ஹொசுமி-சான். இதயம் படம் இப்பவும் போட மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"எதிர்பார்த்தேன்" என்றான். படிவத்தில் முதல் வரியில் அவள் பெயரை எழுதினான். அடுத்த வரியில் தன் பெயரை எழுதினான். அதற்குள் கை தட்டிய பெண் நாற்காலியில் உட்கார்ந்து சந்தைக்குள் புகுந்து, முதல் பூங்கொத்தை விலை பேசிக்கொண்டிருந்தாள். சனாயே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். தொகுனாகாவும் பேனாவை வைத்துவிட்டு வந்து, வாயைப் பொத்திக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றான்.