ரோமிங்ல இருக்கேன்

எல்லைச் சாவடியைத் தாண்டி வேன் ஓடத் தொடங்கியதும் மெக்கானிக்கின் கைப்பேசி அடுத்தடுத்து இரண்டு முறை அதிர்ந்தது. முதலில் பக்கத்து நாட்டுக் கம்பெனி ஒன்று நல்வரவு சொன்னது. பிறகு, அலுவலகத்தில் போட்டுவிட்டிருந்த ரோமிங் பேக் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று செய்தி வந்தது.

பக்கத்து இருக்கையில் எலக்ட்ரீஷியன் தன் கைப்பேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டி டவரைத் தேடிக்கொண்டிருந்தான். எதையும் ஆற அமரச் செய்கிறவன் என்பதால் கம்பெனியில் அவனுக்கு மின்னல் என்று பெயர்.

"உங்களுக்கு நெட்டு வந்துடுச்சா தலைவரே?"

"வந்துடுச்சு."

"அப்ப கொஞ்சம் ஹாட்ஸ்பாட் போடுங்க. நான் உயிரோட இருக்கேனான்னு வீட்டுல கேட்டுட்டு இருப்பா."

"இருக்கேன்னு சொல்லப் போறியா?"

"அதான் யோசிக்கிறேன். இருக்கேன்னு சொன்னா உடனே ஒரு வேலை சொல்லுவா."

மெக்கானிக் சிரித்தார். சிரித்துக்கொண்டே வாட்ஸப்பைத் திறந்தார். தங்கையின் பெயருக்கு எதிரே ஒரு செய்தி படிக்காமல் கிடந்தது. முதல் வரி மட்டும் வெளியே தெரிந்தது. 'அண்ணா, வெள்ளிக்கிழமைக்குள்ள நான் பதில்' என்பதோடு அது நின்றது. அவர் அதைத் தொடவில்லை.

மிச்சம் என்னவென்று அவருக்குத் தெரியும். தங்கை ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறாள். புது இயந்திரங்களைப் பழக அவளை மூன்று மாதம் வேறு ஊருக்கு அனுப்புவதாக இருந்தார்கள். போய் வந்தால் கூடத்துக்கு அவள்தான் பொறுப்பு. அவள் கணவன் லாரி ஓட்டுகிறவன், பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோன அப்பா அவளுடன்தான் இருக்கிறார். இதற்கு மேல் அவள் என்ன கேட்கப் போகிறாள் என்பதை ஊகிக்க ஜோசியம் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அவள் எதையும் எழுதிக் கேட்க மாட்டாள். அவளுக்குக் கேட்க வேண்டியது எதுவானாலும் வாயால்தான் கேட்க வேண்டும். அதனால் அந்தப் பேச்சு நடக்காதவரை, அவள் கேட்காததாகவே ஆகும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வேலை, மருந்துத் தொழிற்சாலை ஒன்றில். இருமல் மருந்து நிரப்பும் இயந்திரத்தில் பாட்டில்கள் வரிசையாக வந்து நின்று, நிரம்பி, மூடி வாங்கிக்கொண்டு நகர வேண்டும். மூடி கோணலாக விழுந்துகொண்டிருந்தது. எங்கே பிசகு என்று பார்ப்பதற்காக அவர் தரையில் மல்லாந்து, இயந்திரத்தின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தபோது தங்கை கூப்பிட்டாள். சட்டைப் பையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மின்னல்தான் எடுத்து அவர் காதில் வைத்தான்.

"அண்ணா, போய்ச் சேந்துட்டியா?"

"சேந்துட்டேன் பாப்பா." அவளுக்கு நாற்பத்தி மூன்று வயது. அவருக்கு இன்னும் பாப்பாதான். "இங்க பாரு, நான் ரோமிங்ல இருக்கேன். எடுத்தாலே காசு பிச்சுக்கும். நெட்டும் கிடையாது. வந்து பேசுறேன்."

"ஐயோ, சரிண்ணா, வச்சுடு வச்சுடு. உடம்பைப் பாத்துக்கோ."

அவள் பதறி வைத்த வேகம் அவருக்கு என்னவோ செய்தது. தன் காசுக்காக இல்லை, அவர் காசுக்காகப் பதறினாள். மின்னல் கைப்பேசியைத் துணியால் துடைத்துத் திரும்பப் பையில் போட்டான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் மகளோடு வீடியோவில் பேசினார். தொழிற்சாலை கேன்டீனைச் சுற்றிக் காட்டினார், தட்டைக் காட்டினார், மின்னலையும் காட்டினார். மின்னல் கையை ஆட்டிவிட்டு, வாயிலிருந்ததை விழுங்கிய பிறகு நிதானமாகச் சொன்னான்:

"உங்க ரோமிங் நல்ல ரோமிங் தலைவரே. ஆளைப் பாத்து வேலை செய்யுது."

"சாப்பிடுறா."

"சாப்பிட்டுட்டுதான் இருக்கேன். அதுக்காகக் காது அடைச்சுக்குமா?"

அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. அவர் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் வேற்று மொழியில் ஆட்கள் சிரித்தார்கள், நாற்காலிகளை இழுத்தார்கள். புரியாத பேச்சுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பது ஒரு விதத்தில் சௌகரியம். யாரும் நம்மைக் கேட்கவில்லை என்று இருந்துவிடலாம்.

கிளம்புவதற்கு முன்பே மனைவியிடம் அவர் பேச்சைத் தொடங்கிப் பார்த்திருந்தார். "பாப்பா பயிற்சிக்குப் போறாளாம். அப்பாவை நம்மகிட்டதான் விடுவா போல. உனக்குக் கஷ்டம்" என்று இழுத்தார். அவள் முடியாது என்று சொல்வாள், அதை அப்படியே எடுத்துத் தங்கையிடம் கொடுத்துவிடலாம் என்பது கணக்கு. அவளோ அரிசி களைந்துகொண்டே, "எனக்கென்ன கஷ்டம்? கூட்டிட்டு வாங்க. சமைச்சுப் போடுறேன், பேச்சுத் துணைக்கு இருக்கேன். குளிப்பாட்டி விடுறது மட்டும் உங்க வேலை. பிள்ளை நீங்கதானே" என்றாள்.

அதுதான் விஷயம். வேறெதுவும் இல்லை.

போன முறை தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் கடைக்குப் போயிருந்தாள். குளியலறையிலிருந்து அப்பா கூப்பிட்டார். முதலில் தங்கையின் பெயரைச் சொல்லி, பிறகு இவர் பெயரைச் சொல்லி. குழறலாகத்தான் வந்தது, ஆனால் தெளிவாகவே கேட்டது. இவர் எழுந்து கதவுவரை போனார். கதவு ஒருக்களித்திருந்தது. இடுக்கு வழியே அப்பாவின் முதுகு தெரிந்தது. எலும்பு துருத்திய, வெளுத்த, ஈரமான முதுகு. ஒரு காலத்தில் இவரைச் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து மிதித்த முதுகு அது. இவர் சத்தமில்லாமல் பின்வாங்கி வந்து, டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தங்கை வந்து, பையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். "அண்ணன் இருந்தானேப்பா" என்று அவள் கேட்டதும், அப்பா ஏதோ பதில் சொன்னதும் கேட்டது. என்ன சொன்னார் என்பது மட்டும் கேட்கவில்லை. டிவி சத்தம்.

வெறுப்பு இல்லை அது. பயம் என்றும் சொல்ல முடியாது. அந்த உடம்பைத் தொட்டால், தொட்ட பிறகு, தான் யார் என்பது தனக்கே தெரியாமல் போய்விடும் என்பது போல ஒன்று. இதை யாரிடம் சொல்வது? சொன்னால் காறித் துப்ப மாட்டார்களா?

வெள்ளிக்கிழமை மத்தியானம். கோணல் மூடி சரியாகியிருந்தது. பாட்டில்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசை கலையாமல் போய்க்கொண்டிருந்தன. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கையில் செய்தி வந்தது. உங்கள் எண்ணுக்கு ரோமிங் பேக் சேர்க்கப்பட்டது, இப்போதுள்ள பேக் முடிந்ததும் இது தொடங்கும்.

அலுவலகத்தில் தவறுதலாக இன்னொரு முறை போட்டுவிட்டார்கள் என்று நினைத்து அங்கே கூப்பிட்டார். "நாங்க ஒரு தடவைதானே சார் போட்டோம்" என்றாள் கணக்குப் பார்க்கும் பெண். அவர் வைப்பதற்குள் தங்கையின் செய்தி வந்து விழுந்தது. 'அண்ணா, ரீசார்ஜ் போட்டிருக்கேன். இனி யோசிக்காம எடுக்கலாம்.'

அவர் இயந்திரத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன தலைவரே, எங்கேயாவது ஷாக் அடிக்குதா?" மின்னல் வேகமாக வந்தான். அவன் வேகமாக வந்து அவர் பார்த்ததில்லை.

"இல்ல. தங்கச்சி எனக்கு ரீசார்ஜ் பண்ணியிருக்கா."

மின்னல் அவர் முகத்தைப் பார்த்தான். கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்தவன், சொல்லவில்லை. "நான் இங்க பாத்துக்குறேன். நீங்க போங்க" என்றான்.

காலி அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கூப்பிட்டார். ஒரே மணியில் அவள் எடுத்தாள்.

"பாப்பா, எதுக்கும்மா இதெல்லாம்?"

"இருக்கட்டும்ணா. உனக்குப் பேச வசதியா இருக்கும்ல."

"நான் வந்ததும் குடுத்துடுறேன்."

"நான் கேட்டேனா?"

அவள் பக்கத்தில் கண்ணாடிக் குழாய்களைத் தட்டில் அடுக்கும் சத்தம் கேட்டது. வேலையில் இருக்கிறாள்.

"ஏற்கெனவே ஒரு பேக்..." என்று அவர் தொடங்கினார்.

"தெரியும்ணா."

"எப்படி?"

"கடைக்காரர் உன் நம்பரைத் தட்டிப் பாத்துட்டுச் சொன்னார். இதுல ஏற்கெனவே வெளிநாட்டுப் பேக் ஓடுதும்மா, பேச்சும் நெட்டும் எக்கச்சக்கமா இருக்கு, எதுக்கு மேல போடுறீங்கன்னு கேட்டார்."

"அப்புறம் ஏன் போட்டே?"

குழாய்களின் சத்தம் நின்றது.

"லேப்ல கூட வேலை செய்யற பொண்ணு பக்கத்துல நின்னா. அவகிட்ட வழியெல்லாம் சொல்லிட்டே வந்திருந்தேன், எங்க அண்ணனுக்கு அங்க போனை எடுத்தாலே காசு போகுது, பாவம்னு. அதுக்கப்புறம் கடைல நின்னு என்ன சொல்றது? தெரியும், அது தீந்தாலும் தீந்துடும், நீங்க போடுங்கன்னுட்டேன்."

அட்டைப் பெட்டிகளின் வாசனை மூக்கை அடைத்தது. அவர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். அது அமுங்கியது. எழுந்து நின்றார். அந்தக் கடையை அவர் பார்த்ததில்லை. ஆனாலும் அவள் நின்ற விதம் தெரிந்தது. பர்ஸைத் திறந்துகொண்டு, முகம் மாறாமல், பக்கத்தில் நிற்பவளுக்கு எதுவும் புரிந்துவிடக் கூடாதே என்று அவசரம் காட்டிக்கொண்டு. தன் அண்ணனின் பொய்க்கு அவள் காசு கட்டியிருக்கிறாள். கட்டி, ரசீதையும் வாங்கிக்கொண்டிருப்பாள்.

"திட்டியிருக்கலாமே நீ."

"திட்டினா நீ பதில் சொல்லவா போறே? கதவைச் சாத்திட்டு உக்காந்துக்குவே."

அவர் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார்.

அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அவள்தான் முதலில் பேசினாள்.

"காலைலயே பயிற்சிக்கு வரலைன்னு சொல்லிட்டேண்ணா. பெரிய டாக்டர்கிட்ட."

"யாரைக் கேட்டுச் சொன்னே?"

"யாரைக் கேக்கச் சொல்றே?"

அதில் கோபம் இருந்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அது வெறும் கேள்வியாக இருந்தது.

"திரும்பப் போய்க் கேளு. இன்னைக்கு முடியறதுக்குள்ள கேளு. நான் அப்பாவைக் கூட்டிட்டுப் போறேன். இங்கிருந்து நேரா உங்க வீட்டுக்குத்தான் வரேன்."

"கேக்கலாம். அவங்க சரின்னும் சொல்லலாம்." அவள் நிறுத்தினாள். "அப்புறம் கிளம்புற அன்னைக்கு நீ எங்கேயாவது..."

சத்தியம் செய்யலாம் என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. எதன் மேல், எந்த வாயால் என்று உடனே தோன்றியது. அவளுக்குக் கொடுக்க அவரிடம் இருந்த வார்த்தைகளில் ஒன்றும் இனி செல்லாது.

"பாப்பா, அன்னைக்கு அப்பா கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. பாத்ரூம்லேர்ந்து."

"அதுவும் தெரியும். அப்பா சொன்னார். நீ கதவுகிட்ட வந்து நின்னதைப் பாத்திருக்கார். தரையில உன் நிழல் விழுந்துச்சாம்."

அவர் சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். வெளியே யாரோ கதவைத் தட்டி, பெட்டி வேண்டும் என்பது போல ஏதோ சொன்னார்கள். அவர் நகரவில்லை. அப்பா பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு இத்தனை நாளாக இவரிடம் போனில், சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"எனக்கு எப்படின்னு தெரியாது" என்றார். "குளிப்பாட்டுறது. எங்க பிடிக்கணும், எங்க தொட்டா வலிக்கும், ஒண்ணும் தெரியாது. சொல்லிக்கொடு."

வைத்துவிட்டாளோ என்று கைப்பேசியை விலக்கித் திரையைப் பார்த்தார். வைக்கவில்லை.

"எப்ப?" என்றாள் கடைசியில்.

"இப்பவே சொல்லு. கேட்டுட்டு, அப்புறம் நீ டாக்டர்கிட்டப் போ."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"முதல்ல தண்ணியத் தலைல ஊத்திடாதே, பயந்துடுவார். கால்லேர்ந்து ஆரம்பி. அந்த வலது கை இருக்கே, அதை நீ தூக்கக் கூடாது. இடது கையால பிடிச்சு உன் தோள் மேல அவரையே வைக்கச் சொல்லணும். வைக்க நேரமாகும். நீ அப்படியே குனிஞ்சு நிக்கணும், அவசரப்படுத்தக் கூடாது..."

"ம்" என்றார்.

கதவை மறுபடி தட்டினார்கள். அவர் காதோடு கைப்பேசியை அழுத்திக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே கொஞ்சம் குனிந்து நின்றார்.