ஒரு நாற்காலி, ஒரு பெயர்

நாற்காலிக்குப் பெயர் வைப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்களிடம் பெயர்க்காரி சண்டைக்குப் போவதில்லை. "உக்காருங்க" என்று மட்டும் சொல்வாள். உட்கார்ந்ததும், "இப்ப நீங்க உக்காந்திருக்கறது எந்த நாற்காலின்னு போன்ல ஒருத்தருக்குச் சொல்லுங்க பாப்போம்" என்பாள். "அது வந்து… பழுப்பா… கால் கொஞ்சம் வளைஞ்சு… முதுகுல பட்டை பட்டையா…" என்று அவர்கள் இழுக்க ஆரம்பித்ததும் தன் டீயை எடுத்து ஒரு வாய் குடிப்பாள். அதற்கு மேல் அவள் வாயைத் திறக்க வேண்டி வந்ததே இல்லை.

அந்த நாற்காலிக் கம்பெனியின் மாடியில் அவளுக்கென்று ஓர் அறை. சுவர் முழுக்க நாற்காலிப் படங்கள். வருஷத்துக்குப் பன்னிரண்டு புது நாற்காலிகள் வரும், அவை அச்சாகிற விலைப் புத்தகம் ஒன்று வரும். ஒவ்வொரு நாற்காலியும் முதலில் அவள் அறைக்கு வந்து சேர வேண்டும். கையில் டீயோடு அதில் உட்காருவாள். டீ ஆறுவதற்குள் பெயர் வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் அது நாற்காலியின் குற்றம் என்பது அவள் கட்சி. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராத ஒன்றுக்கு 'மத்தியானம்' என்று வைத்தாள். ஆடும் நாற்காலிக்கு 'ஆமாம் ஆமாம்'. முதுகு விறைப்பாக இருந்த ஒன்றுக்கு அவள் வைத்த 'நேர்காணல்' என்ற பெயரைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். ஆபீஸ்காரர்கள் அதைத்தான் டஜன் டஜனாக வாங்கிப் போனார்கள்.

பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில், வடிவமைத்தவர் பெயர். அங்கேதான் அவள் கறார். ஒரே வரி. பட்டம் கிடையாது, பதவி கிடையாது, புள்ளி வைத்த முதலெழுத்துகள் கிடையாது. ஒரு நாற்காலிக்கு ஒரு பெயர். அவள் வருவதற்கு முன்னால் சினிமா முடிந்ததும் ஓடுகிற பெயர்களைப் போலப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆணி வாங்கி வந்தவர் பெயர்கூட இருக்கும். அதையெல்லாம் ஒரே வாரத்தில் ஒழித்துக் கட்டினாள். முணுமுணுத்தவர்கள் முணுமுணுத்து ஓய்ந்தார்கள்.

இந்த வருஷம் வம்பு அவள் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது.

அவள் தங்கையும் அதே கம்பெனியில்தான் நாற்காலி வரைகிறாள். தங்கைக்குப் பெயராக அப்பா ஒன்று சொல்ல, அம்மா ஒன்று சொல்ல, இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல், கடைசியில் இரண்டையும் சேர்த்துக் கட்டி வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அதை வாசித்து முடிப்பதற்குள் டீச்சருக்கு ஒருமுறை மூச்சு வாங்கும். அவ்வளவு பெரிய பெயரை வீட்டில் யார் கூப்பிடுவது? குட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். கம்பெனியிலும் அதுவே நிலைத்துவிட்டது.

குட்டி தானாகப் பரீட்சை எழுதித் தேறி வந்தவள். அக்கா சிபாரிசு செய்யவே இல்லை. ஆனாலும், 'தங்கச்சிக்குச் செய்யறா' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் பெயர்க்காரியை முதல் நாளே பிடித்துக்கொண்டது. அப்படி ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாத பேச்சுக்குப் பயந்து, சாப்பாட்டு அறையில் வேறு மேஜையில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் படத்தில் கண்டுகொள்ளாத குறையைக் குட்டி படத்தில் மட்டும் பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்தாள். அதற்கு நேர்மை என்று பெயரும் வைத்துக்கொண்டாள். பெயர் வைப்பதில்தான் கெட்டிக்காரி ஆயிற்றே.

இந்த வருஷம் குட்டியின் முதல் நாற்காலி தேறியது. ஒரே ஒரு கை வைத்த நாற்காலி. இடது பக்கம் அகலமான கை. வலது பக்கம் ஒன்றுமே இல்லை. குட்டி சின்ன வயதிலிருந்தே நாற்காலியில் குறுக்காகத்தான் உட்காருவாள், அம்மாவிடம் திட்டும் வாங்குவாள். அப்படி உட்காருவதற்கென்றே ஒன்று வரைந்திருந்தாள். முதல் மாதிரி வந்தபோது அவளே ஏறிக் குறுக்காக உட்கார்ந்தாள். நாற்காலி அவளைக் கொண்டுபோய்த் தரையில் தள்ளியது. பட்டறையே சிரித்தது. எல்லோரிலும் மூத்த வடிவமைப்பாளர் ஒருவர் உண்டு, தாடி என்று பெயர். அவர் குனிந்து பார்த்து, கையில்லாத பக்கத்துப் பின்னங்காலை நாலு விரல் வெளியே தள்ளி வைத்தார். அதற்குப்பிறகு அது அசையவில்லை.

பெயர்க்காரி இதைப் பிடித்துக்கொண்டாள். நிற்காத நாற்காலி நாற்காலியே இல்லை. நிற்க வைத்தவர் தாடி. ஒரு நாற்காலிக்கு ஒரு பெயர். ஆகவே தாடி பெயர். எந்த வக்கீலும் அவளிடம் தோற்றுப்போவார். அந்த நாற்காலியை மாடிக்கு வரவழைக்கவும் இல்லை, அதில் உட்காரவும் இல்லை. படத்தைப் பார்த்து 'தென்றல்' என்று எழுதி அனுப்பினாள். தென்றல் என்பது ஒன்றும் தோன்றாதவர்கள் வைக்கிற பெயர் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

குட்டி கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அன்று சாயங்காலம் வீட்டில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "அது என் முதல் நாற்காலிக்கா." அதோடு பேச்சு நின்றது. அதன்பிறகு எல்லாம் அம்மா வழியாக நடந்தது.

"அம்மா, குளியலறை காலியாயிடுச்சுன்னு அவகிட்டச் சொல்லு."

"அம்மா, அது எனக்கே தெரியும்னு சொல்லு."

"நான் என்ன தபால்காரியா?" என்று அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு என் தலையை ஏண்டி தின்றீங்க ரெண்டு பேரும்?"

புத்தகம் அச்சுக்குப் போக வேண்டிய நாள் வந்தது. காலையில் பெயர்க்காரி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, முதலாளியம்மா கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் அச்சுக்குப் போகவேண்டிய பக்கங்கள் விரித்துக் கிடந்தன.

"உன் தங்கச்சி நல்லா உழைக்கிற பொண்ணுன்னு எனக்குத் தெரியும்" என்றார் முதலாளியம்மா. "ஆனா பன்னெண்டும் அவளே பண்ணிட்டாளா?"

பெயர்க்காரி குனிந்து பார்த்தாள். முதல் பக்கத்தில் நாற்காலியின் பெயர், அதன் கீழே சின்ன எழுத்தில் குட்டியின் முழுப் பெயர். அடுத்த பக்கத்திலும் குட்டி. அதற்கடுத்த பக்கத்திலும். தாடியின் நாற்காலிகளுக்குக் கீழே குட்டி. வேலையை விட்டு எப்போதோ போனவர் வரைந்து கொடுத்துவிட்டுப் போன நாற்காலிக்குக் கீழேயும் குட்டி.

"மத்தவங்க எல்லாம் லீவுல போயிட்டாங்களா?" என்று கதவருகிலிருந்து கணக்கர் கேட்டார். அவருக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். எந்தப் பேச்சை ஒரு நாளும் எவரும் சொல்லிவிடக்கூடாது என்று இத்தனை நாள் தங்கையைத் தள்ளி வைத்திருந்தாளோ, அந்தப் பேச்சு காலங்காத்தாலேயே வாசலில் வந்து நின்று பல்லைக் காட்டியது. பெயர்க்காரியின் முகத்தில் ஈயாடவில்லை.

"மத்தியானத்துக்குள்ள சரி பண்ணிக் குடு" என்றார் முதலாளியம்மா. அவருக்கும் சிரிப்பு வந்துகொண்டுதான் இருந்தது.

பெயர்க்காரி நேராகப் பக்கம் கட்டுகிறவரிடம் ஓடினாள். படத்தையும் எழுத்தையும் பக்கத்தில் பொருத்துகிறவர் அவர். அவளைப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டார்.

"தப்பான ஃபைல் போயிடுச்சும்மா. பேரு மாத்தறதுக்கு முந்தின ஃபைல், மாத்தி வெச்சதுமேலயே பதிஞ்சு அதை அழிச்சுடுச்சு. ஆனா கவலைப்படாதீங்க, அச்சகத்துக்குப் போகலை. நம்ம ஆளுங்களுக்கு மட்டும்தான் போயிருக்கு."

"நம்ம ஆளுங்கன்னா?"

"எல்லாருக்கும்தான்."

"அதுல எங்க குட்டி பேரு எப்படி வந்துச்சு? நான் அவ பேரை எங்கயுமே குடுக்கலையே!"

அவர் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்க குடுத்ததுதாம்மா. மறந்துட்டீங்களா?"

அப்போதுதான் நினைவு வந்தது. அவள் சேர்ந்த புதிதில், ஒரே வரி என்று சட்டம் போட்ட அன்று, இதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இவர் கேட்டார்: "பேரு போடற பெட்டி எவ்வளவு நீளம் வேணும்? உங்களுக்குத் தெரிஞ்சதுலயே நீளமான பேரு ஒண்ணு சொல்லுங்க, அதுக்கு அளவெடுத்துடறேன்." அவள் யோசிக்கவே இல்லை. அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தங்கையின் பெயரைச் சொன்னாள். அதற்கு அளவெடுத்துப் பெட்டி கட்டினார்கள். அன்றிலிருந்து வருஷா வருஷம் புதுப் பக்கம் கட்டும்போது இடம் பிடித்து வைக்க எல்லாப் பெட்டியிலும் அந்தப் பெயரைத்தான் போட்டு வைப்பார். பிறகு அவள் கொடுக்கிற பெயர்களை அதன்மேல் அடித்து மாற்றுவார். இந்தத் தடவை மாற்றாதது போய்விட்டது, அவ்வளவுதான்.

"இதைவிட நீளமா ஒரு பேரும் இதுவரைக்கும் வரலம்மா" என்றார் பக்கம் கட்டுகிறவர், சமாதானம் சொல்வதுபோல.

அதற்குள் தாடி வந்துவிட்டார், கையில் காப்பிக் கோப்பையோடு.

"என் நாற்காலியெல்லாம் உன் தங்கச்சிக்குப் போயிடுச்சாமே? போகட்டும், நீ சரி பண்ணிடுவே. எனக்கு வேற ஒரு சந்தேகம். போன வாரம் பாத்தேன், அந்த ஒத்தக் கை நாற்காலிக்குக் கீழே என் பேரு இருந்துச்சு. அது எந்தத் தப்பான ஃபைல்?"

"அது… தப்பு இல்ல, நான்தான் போட்டேன். கால் மாத்தி நிக்க வெச்சது நீங்கதானே?"

"கால்தானே மாத்தினேன்? ஒருத்தர் சட்டைக்குப் பட்டன் தச்சுக் குடுத்தா சட்டை என்னுதாயிடுமா?" தாடிக்கு நிஜமாகவே கோபம் வந்திருந்தது. "என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"இல்ல."

"அவளைக் கேட்டியா?"

"அது வந்து…" என்று பெயர்க்காரி இழுத்தாள். தாடி ஒரு வாய் காப்பி குடித்தார். அதற்கு மேல் அவர் பேசவேண்டிய தேவை இருக்கவில்லை.

அவள் பட்டறைக்கு இறங்கிப் போனாள். மரத்தூள் வாசனை. இழைப்புளி ஒரு பக்கம் கத்திக்கொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் ஒற்றைக் கை நாற்காலி நின்றது. கையில் டீ இல்லை. பரவாயில்லை என்று உட்கார்ந்தாள். முதலில் நேராக, 'நேர்காணல்' நாற்காலியில் உட்காருவதுபோல. ஒன்றும் தோன்றவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, முதுகை அந்த அகலக் கையில் சாய்த்துக்கொண்டு, குறுக்காகத் திரும்பிக் காலை வெளியே நீட்டினாள். சுகமாக இருந்தது. ஆனால் கால் அந்தரத்தில் தொங்கியது. எதன்மேலோ வைக்கவேண்டிய கால்கள்போல.

"டீ இல்லாமயா?"

குட்டி உப்புத்தாளும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். அம்மா இல்லாமல் அவள் நேராகப் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது.

பெயர்க்காரி எழுந்திருக்கப் பார்த்தாள். பிறகு அப்படியே இருந்துவிட்டாள். "இந்தப் பக்கம் ஏண்டி கை வைக்கல?" என்று கேட்டாள்.

"இப்பவாவது கேட்டியே." குட்டி ஒரு முக்காலியை இழுத்துக் கையில்லாத பக்கம் போட்டு உட்கார்ந்தாள். அக்காவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "இந்தப் பக்கம் எப்பவும் நீதானே உக்காந்திருப்பே. அங்க எதுக்குக் கை?"

வீட்டில் ஒரு பழைய சோபா இருந்தது. குட்டி குறுக்காகப் படுத்துக்கொண்டு காலைக் கொண்டுவந்து அக்கா மடியில் போடுவாள். தள்ளிவிட்டால் மறுபடியும் போடுவாள். தள்ளித் தள்ளி அலுத்துப்போய், கடைசியில் பெயர்க்காரி அந்தக் கால்களின்மேல் புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் வீட்டுப்பாடம் எழுதினாள். வருஷக்கணக்காக எழுதினாள். மேஜையில் எழுதினால் கையெழுத்தே சரியாக வராது.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. மரத்தூள் என்று சொல்லிச் சமாளிக்கலாமா என்று பார்த்தாள், முடியவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன் குட்டி."

"பண்ணினே" என்றாள் குட்டி. "பேரு போடலன்னுகூட இல்லக்கா. கண்டவங்க நாற்காலியில எல்லாம் டீயோட போய் உக்காருவே. என்னோடதுல ஒரு தடவை வந்து உக்காரலியே."

பெயர்க்காரி அந்த அகலக் கையில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். காலை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்தபோது பெயர் வந்திருந்தது.

மாடியில் பக்கம் கட்டுகிறவர் தயாராக இருந்தார். அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, அவர் குட்டியின் பெயரை அழித்து அழித்து அடித்துக்கொண்டு போனார். தாடி, தாடி, போய்விட்டவர், மறுபடியும் தாடி. கடைசிப் பக்கம் வந்தது.

"மேல தென்றல்னு இருக்கறதை எடுத்துட்டு 'பக்கத்துணை'ன்னு போடுங்க" என்றாள்.

போட்டார். "கீழே யார் பேரும்மா?"

"கீழே ஒண்ணும் தொடாதீங்க. இருக்கறது அப்படியே இருக்கட்டும்."

கணக்கருக்கு மூக்கில் வியர்த்திருக்க வேண்டும். எங்கிருந்தோ வந்து எட்டிப் பார்த்தார். "ஆக, பன்னெண்டுல ஒண்ணு தங்கச்சிக்கு ஒதுக்கியாச்சு?"

"ஆமா, என் தங்கச்சிதான்" என்றாள் பெயர்க்காரி, வராந்தா முழுக்கக் கேட்கிறாற்போல. "அவ பண்ணின நாற்காலி அது. வந்து உக்காந்து பாருங்க."

கணக்கர் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டார். பக்கம் கட்டுகிறவர் அனுப்புவதற்கு முன் ஒருமுறை பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். கடைசிப் பெட்டியில் கை நின்றது.

"ரொம்ப நீளம், இதுவரைக்கும் அச்சுக்கே போனதில்லையேம்மா. எதுக்கும் ஒரு வரியில அடங்குதான்னு அளந்து பாத்துடட்டுமா?"

"வேணாம்" என்றாள் பெயர்க்காரி. "அந்தப் பெட்டியே அவ பேருக்கு அளவெடுத்ததுதான்."